குளிருக்கு முந்திய இரக்கம்



திருவருகைக் காலம் வந்துவிட்டால் நம் பத்து காவானில் வீட்டுக்கு வீடு குடில் எழும்புகிறது. அதன் கூரையில் பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவுகிறோம். தூவி முடிப்பதற்குள் நம் சட்டை வியர்வையில் நனைந்துவிடுகிறது. பனி நமக்குப் படத்தில் பார்த்ததுதான். ஆடு அப்படியல்ல. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆடு வளர்த்த பெரியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆகவே, பனியில் வாழும் ஆடுகளைப் பற்றி இன்று கொஞ்சம் பேசுவோம்.

இந்தியாவின் வடகோடியில், லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், சாங்பா என்னும் மேய்ப்பர்கள் வாழ்கிறார்கள். நம் பினாங்கு மலையின் உயரம் 833 மீட்டர். அவர்கள் ஆடு மேய்ப்பதோ 4,000 மீட்டருக்கும் மேலே. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும். ஆனாலும் ஆடு தாங்குகிறது. அதன் முரட்டு முடிக்கு அடியில், தோலை ஒட்டி, மெல்லிய ரோமம் அடர்ந்திருக்கிறது. பஷ்மினா என்று உலகம் விலை கொடுத்து வாங்குவது அதைத்தான்.

அந்த ரோமம் எப்போது வளரத் தொடங்குகிறது தெரியுமா? ஜூன் மாதக் கடைசியில், வருடத்தின் மிக நீண்ட பகல் கழிந்து வெளிச்சம் சிறுகச் சிறுகக் குறையும்போதே ஆட்டின் உடல் அதை உணர்ந்துகொள்கிறது. வெயில் காயும் நாட்களிலேயே ரோமம் முளைக்கிறது. டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய வளர்ந்து முடிந்துவிடுகிறது. ஜனவரியின் கொடுங்குளிர் வரும்போது போர்வை தயாராக இருக்கிறது.

நமக்கு வந்த குளிர்காலங்களை நினைத்துப் பாருங்கள். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்த நாள். துணையை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய இரவு. வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மோட்டார் சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்திக்கொண்டு நின்ற மாலை. ஆண்டவர் எங்கே போனார் என்று அன்று கேட்டோம். அதற்கு வெகுகாலம் முன்பே அவர் என்ன செய்து வைத்திருந்தார் என்று கேட்டோமா? பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தூக்கக் கலக்கத்தோடு செபமாலை சொன்னோமே, அது போர்வை என்று அப்போது தெரியவில்லை. சாதாரண நாட்களில் நாம் வாங்கிய நற்கருணை, பக்கத்து வீட்டாரோடு வளர்ந்த பழக்கம், எல்லாமே இறை இரக்கம் முன்கூட்டியே நெய்தவைதான்.

“எல்லாருக்கும் அந்தப் போர்வை போதுமா, ஃபாதர்?” என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 2013 தொடக்கத்தில் சாங்தாங்கில் பெரும்பனி பெய்தது; ஆயிரக்கணக்கான ஆட்டுக்குட்டிகள் மடிந்தன. குளிரை நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடுங்கும் குட்டியிடம் ‘உனக்கு ரோமம் போதவில்லை’ என்று எந்த மேய்ப்பரும் குறை சொல்வதில்லை. கூடாரத்துக்குள் தூக்கிக்கொண்டு போகிறார். செபிக்கக்கூட முடியாமல் போன நாட்கள் உங்களுக்கு இருந்திருந்தால், அதற்காக மனம் குமைய வேண்டாம். நம் நல்ல ஆயர் அந்த நாட்களின் கணக்கைக் கேட்பவர் அல்லர். அன்று உங்களைச் சுமந்து நடந்தவர் அவரே.

குளிர் தணிந்ததும் அந்த ரோமம் தானாகவே கழன்று வரும். மேய்ப்பர்கள் அதைச் சீப்பால் பதமாகச் சீவி எடுப்பார்கள். ஓர் ஆட்டுக்குக் கால் கிலோ கிடைத்தால் அதிகம். ஆட்டைக் காத்தது, பிறகு யாரோ ஒருவருடைய தோளுக்குச் சால்வையாகிறது. கொரிந்து நகரில் கூடாரத் தொழில் செய்து பிழைத்த புனித பவுல், அந்த மக்களுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்திலேயே இதைத்தான் நினைவூட்டுகிறார்: துன்பத்தில் கடவுள் நமக்குத் தந்த ஆறுதல், துன்பப்படும் அடுத்தவருக்கு நாம் கொடுக்க வேண்டிய ஆறுதல்.

எனவே, கிறிஸ்து பிறப்புக்கு முன் நம் அன்பியத்தில் ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள். இந்த ஆண்டு யாரையோ இழந்த வீடு, நெடுநாளாகக் கோயில் பக்கம் வராதவர் வீடு, எதுவாகவும் இருக்கலாம். ‘எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது, கடவுள் கைவிடவில்லை’ என்று சொல்லும் தகுதி உங்களில் பலருக்கு உண்டு. பலகாரத் தட்டை நீட்டிவிட்டு வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள்.