ஒரே ஒரு கணிகண்ணன்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, அம்பத்தூரில் எங்கள் வீட்டில் முதலில் துவண்டவர் பெரியப்பா. டீக்கடை, கல்யாணம், கருமாதி என்று நாலு பேர் நடுவிலேயே வாழ்ந்த மனிதர். இரண்டே வாரத்தில், கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காய்கறி வண்டிக்காரரிடம் வாங்காத காய்க்கெல்லாம் விலை கேட்டுப் பேச்சை வளர்க்க ஆரம்பித்தார். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டைத் திருமழிசைக்கு மாற்றியபோது, அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று கண்கலங்கினார். பதறிப்போனோம். உறவுக்காரர்கள் முறைவைத்து போன் செய்தார்கள்.

அப்பாவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆவடி டேங்க் பேக்டரியில் முப்பத்தைந்து வருடம் லேத் மெஷினோடு நின்றவர். வீட்டிலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். "அவருக்கென்ன, தனியா இருக்கத்தானே பிடிக்கும்" என்றார்கள். நானும் அதையே சொன்னேன். இன்றும் உறுத்துகிறது.

மாடியில் அவர் எப்போதும்போலத்தான் உட்கார்ந்திருந்தார். ரேடியோ மட்டும் பாடவில்லை. சாப்பாடு குறைந்தது. ஜூனில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. காரணத்தை அம்மாதான் கண்டுபிடித்தார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தினமும் காலையில் அப்பாவோடு நடக்கும் பழைய பேக்டரி நண்பர் ஒருவர் உண்டு. இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம். ஊரடங்கில் அந்த ஏரிக்கரைப் பூங்காவைப் பூட்டியதும் அந்த நடை நின்றுபோயிருந்தது.

மனிதரை உள்முகம், வெளிமுகம் என்று பகுத்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதினார். அந்தச் சொற்கள் பரவியபோது, உள்முகமானவருக்கு மனிதரே வேண்டாம் என்ற தப்பெண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. பெரியப்பாவுக்கு ஐம்பது பேர். நாற்பது பேரை இழந்தாலும் பத்துப் பேர் மிஞ்சுவார்கள். அவர் பசி வாய்விட்டு அழும், ஊருக்குக் கேட்கும். அப்பாவுக்கு இருந்தது ஒருவர். அவரும் போய்விட்டால் பிறகு யாருமில்லை, சத்தமும் வராது. தானே தேடிப்போய் உட்கார்ந்த தனிமையும், கதவை வெளியிலிருந்து சாத்திய தனிமையும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

பூந்தமல்லியைத் தாண்டினால், மார்க்கெட் போன அந்தத் திருமழிசை. அங்கே பிறந்த ஆழ்வார் நெடுங்காலம் யோகத்தில் ஆழ்ந்திருந்தவர் என்கிறது வைணவ மரபு. அத்தனை தனிமையில் திளைத்தவருக்கும் கணிகண்ணன் என்று ஒரு சீடன் இருந்தான். காஞ்சியில் அரசன் அந்தச் சீடனை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, ஆழ்வாரும் அவனோடு புறப்பட்டுவிட்டார். பெருமாளையும் கூட அழைத்துக்கொண்டார். அவர் சொற்படி வந்ததால்தான் அந்தப் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்தவர் என்று பெயர். சிறுவயதில் கேட்ட கதை. அப்பாவின் வேட்டி நழுவிய பிறகே எனக்குப் புரிந்தது.

பேசுகிறவர் வாடினால் நாலு பேரைக் கூட்டிவரலாம். பேசாதவரை விசேஷ வீட்டுக்கு இழுத்துப்போய்க் கூட்டத்தில் உட்காரவைப்பதால் ஒன்றும் ஆகாது. அவருடைய கணிகண்ணன் யார் என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை.

ஜூலையில் கெடுபிடி தளர்ந்ததும் தம்பி அவரை ஸ்கூட்டரில் திருமுல்லைவாயிலுக்கு அழைத்துப்போனான். நண்பர் வீட்டு வாசலில் ஆறடி தள்ளி இரண்டு நாற்காலி. முகக்கவசத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. அடுத்த வாரமும் போகணும்" என்றார்.