சிந்தனையில் ஆழ்ந்தவர் யார்?

கன்னத்தில் கை வைத்து, பேச்சற்று, பார்வையை எங்கோ நிறுத்தி ஒருவர் வீற்றிருப்பாராயின், "சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார்" என்று நாம் மரியாதையுடன் விலகிச் செல்கிறோம். அவர் உள்ளத்தில் நடப்பது யாது என வினவுவதில்லை. ஆங்கில மொழி இவ்விடத்தில் சற்றுக் கண்டிப்பானது. எதில் ஆழ்ந்தார், எவ்வாறு ஆழ்ந்தார் என்று கேட்ட பின்னரே அவருக்குப் பெயரிடுகின்றது.

'பாண்டர்' என்பது எடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. சங்கக் கூட்டத்தில், கடன் கேட்டவருக்குக் கொடுப்பதா மறுப்பதா என்று இருபுறமும் நிறுத்துப் பார்க்கும் உறுப்பினர் செய்வது இதுவே. நம் 'சீர்தூக்குதல்' இதற்கு நேர். தராசு ஒரு பக்கம் சாய்ந்ததும் வேலை முடிந்தது. 'ரூமினேட்' என்பதோ மாடு அசைபோடுதல். தமிழிலும் இதே உவமை உண்டு. மாட்டுக்கேனும் அசைபோட்டது செரிக்கின்றது. மனிதரிற் சிலர் பத்தாண்டுக்கு முன் கேட்ட சுடுசொல்லை இன்றும் மென்றுகொண்டிருக்கின்றனர். இந்நாளைய உளநூலார், துன்பத்தையே திரும்பத் திரும்ப எண்ணும் பழக்கத்திற்கு இச்சொல்லை வழங்கி, அது மனச்சோர்வை வளர்க்கும் என்கின்றனர். 'புரூட்' என்பது அடைகாத்தல். கோழிக்கு 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். மனக்குறையை அடைகாப்பவருக்குப் பொரிப்பதும் மனக்குறையே.

'பென்சிவ்' நுட்பமான சொல். பிரெஞ்சு வழி வந்த இதன் வேரும் நிறுத்தலே. ஆயினும் வரும் வழியில் துயரச் சாயல் ஏறிவிட்டது. 1645-ஆம் ஆண்டிட்ட நூலில் மில்ட்டன், 'இல் பென்செரோசோ' என்னும் செய்யுளில், இத்துயரைத் தெய்வமென்றே வரவேற்றார். நம் 'விசாரம்' பட்ட பாடும் இதுவன்றோ? வடமொழியில் ஆராய்ச்சி, நம் வீடுகளிற் கவலை. ஆராயப் புகுந்தால் கவலையே மிஞ்சும் என்று முன்னோர் கண்டனரோ, என்னவோ!

நாம் பெரிதும் மதிப்பது 'தாட்ஃபுல்' என்னும் சொல்லை. எண்ணம் நிறைந்தவர் என்பதே நேர்ப்பொருள். ஆழ்ந்து எண்ணுபவரையும் அது குறிக்கும். பிறர் தேவையை அவர் வாய்திறக்குமுன் உணர்ந்து நடப்பவரையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது ஆங்கிலத்தாரின் நற்பேறு. நாமோ மேடையேறிப் பேசுபவரையும் ஏடு எழுதுபவரையும் சிந்தனையாளர் என்கிறோம். நோயுற்ற அயலாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு செல்லும் பெண்மணியை 'நல்ல மனசு' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்; அறிவின் கணக்கில் அவரைச் சேர்ப்பதில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார அவருக்கு நேரமும் இல்லை. நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும், உப்பு எவ்வளவு போடலாம், அவர் பிள்ளைகள் பள்ளியிலிருந்து எப்பொழுது திரும்புவர், அவர்களுக்கும் சேர்த்து அரிசி எத்தனை பிடி என்று இத்தனையும் எண்ணி முடித்த பின்னரே அவ்வடுப்பு மூட்டப்பட்டது.