குழந்தையின் வலியும் பெரியவர்களின் விளக்கமும்

குற்றமறியாத குழந்தை ஏன் கொடுநோய்க்கு ஆளாகிறது என்னும் வினாவுக்குச் சைவ சித்தாந்தம் வினைக் கொள்கையின் வழியே விடை கூறும்: முற்பிறவிகளில் ஈட்டிய வினைகளுள் இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பகுதியாகிய பிராரத்தத்தை உயிர் உடலெடுத்த நாள்முதல் நுகர்கிறது. இஸ்லாமோ இதனை இறைவனின் சோதனையாகக் கண்டு, ‘சப்ர்’ எனப்படும் பொறுமையை வலியுறுத்தும். நிலோஃபர் மருத்துவமனையும் எம்.என்.ஜே. புற்றுநோய் நிலையமும் அமைந்துள்ள ஐதராபாத்தின் ரெட் ஹில்ஸ் பகுதியில் இவ்விரு வகை நம்பிக்கையினரும் தம் பிள்ளைகளின் கட்டிலருகே காத்திருக்கின்றனர். ஆனால் நூலில் உள்ள கொள்கை, நலம் விசாரிக்க வரும் உறவினரின் வாயில் வேறாகிவிடுகிறது. ஓர் உயிரின் வினையை மற்றோர் உயிர் நுகராது என்பது சித்தாந்தத்தின் அடிப்படையாயிருக்க, பெற்றவர் செய்த பாவமே பிள்ளையின் தலையில் விடிந்தது என்று தாயின்மீது பழி விழுகிறது.

குழந்தையின் வலியைத் தன் கருத்துக்கேற்பக் கணித்த பிழை மருத்துவத்துக்கும் உண்டு. பச்சிளங் குழந்தையின் நரம்பு மண்டலம் முதிராதது, ஆகவே அது வலியை உணராது, உணர்ந்தாலும் நினைவில் கொள்ளாது என்னும் எண்ணத்தால், 1980-கள் வரையிலும் மேலை நாடுகளில்கூடப் போதிய வலிநீக்கி இன்றியே இத்தகைய குழந்தைகள் பலருக்கு அறுவை செய்யப்பட்டது. இந்தியாவில் பிறந்த மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடன் பணியாற்றியோரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையால் நேரும் அதிர்ச்சியும் பின்விளைவுகளும் குறைந்ததைக் காட்டியது. ஓரறிவுயிருக்கும் தொடுவுணர்வு உண்டென வகுத்த தொல்காப்பியத்தைப் பயின்றவருக்கு இத்தாமதம் விந்தையாகவே தோன்றும்.

குழந்தைகளுக்கான ஆதரவுச் சிகிச்சை என்பது உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றையும் பேணிக் குடும்பத்துக்கும் துணைநிற்பது என்றும், அது நோய் கண்டறிந்தபோதே தொடங்க வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வரையறுத்தது. இதனை நடைமுறைப்படுத்திய இந்திய அரசு மருத்துவமனைகளுள் எம்.என்.ஜே. நிலையம் ஒன்று. கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை விலை மலிந்தது; எனினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் அது கிடைப்பது அரிதாகி, 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பின்னரே அந்நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஊழ் என்று பெயரிடப்பட்ட வலியில் எவ்வளவு பகுதி உரிமத்தாளால் விளைந்தது என்பதை வினைக் கொள்கையாளரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

மேலும், ‘ஏன்’ என்பது பெரும்பாலும் பெரியவர்களின் வினா. சிறு குழந்தை கேட்பதோ, ஊசி வலிக்குமா, அம்மா கூடவே இருப்பாளா, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பனவே. முதல் வினாவுக்கு ‘வலிக்காது’ என்று சொல்லிவிடுவோர், குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையாகும் என்ற வள்ளுவரின் கருத்தைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை ஏறத்தாழ 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். அதனிடையே முதுகுத்தண்டில் பலமுறை ஊசி செலுத்த நேரும். முதல் ஊசியிலேயே அப்பொய் வெளிப்பட்டுவிட, அடுத்த முறை மருத்துவரின் சொல்லோடு தாயின் சொல்லையும் குழந்தை ஐயுறுகிறது. ஆகவே வள்ளுவர் விதித்த நிபந்தனை இங்கே நிறைவேறுவதில்லை. மாறாக, சற்று நேரம் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஊசியில்லாத சிரிஞ்சைப் பொம்மையின்மீது குழந்தையே வைத்துப் பார்க்கவிட்டு, மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தடவி, ஊசி போடும்போது தாயை வெளியே அனுப்பாமல் இருத்தினால், குழந்தையின் முதல் இரண்டு வினாக்களுக்கேனும் மெய்யான விடை கிடைத்துவிடுகிறது.