யார் வீட்டுத் தாத்தா?

"எதுக்குப் பல் டாக்டராகணும்?"

நம்மூரில் இதை யாரும் கேட்பதில்லை. நீட் மார்க் போதும். கனடாவிலும் பிரிட்டனிலும் பல் மருத்துவ சீட்டுக்கு இன்டர்வியூ உண்டு. பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறார்கள். தாத்தாவின் பல்செட்டில் ஆரம்பித்து, சேவையில் முடிப்பார்கள்.

ஒத்திகை பார்த்துச் சொன்னால் உண்மை பொய்யாகிவிடுமா?

கனடாவின் நுழைவுத் தேர்வில் பல வருடங்கள் சோப்புக் கட்டியைச் செதுக்கச் சொன்னார்கள். கை நடுங்கினால் சோப்பு காட்டிக் கொடுத்துவிடும். மனசுக்கு ஏது சோப்பு?

அந்த நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரே இன்டர்வியூவுக்குப் பதில், வரிசையாகக் குட்டிக் குட்டி இன்டர்வியூக்கள். கதவில் ஒரு சிக்கல் ஒட்டியிருக்கும். படித்துவிட்டு உள்ளே போனால், சில சமயம் நோயாளி வேஷத்தில் ஒரு நடிகர்! பல் மருத்துவக் கல்லூரிகள் பலவும் பிடித்துக்கொண்டன. அதற்கும் கோச்சிங் வந்துவிட்டது. (வராமல் இருக்குமா?)

என்னைக் கேட்டால், ஒத்திகையில் தப்பில்லை. இரவல் தாத்தாதான் தப்பு.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது கவனியுங்கள். ட்ரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, "லேசா கூசும், அவ்வளவுதான்" என்பார். எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்! நாமும் வாயைத் திறக்கிறோம்.