பெயரைக் காக்கும் அறம்

எபிரெய ‘யேஷுவா’ கிரேக்க விவிலியத்தில் ‘இயேசூஸ்’ ஆயிற்று. கிரேக்கத்தில் ஷகர ஒலி இன்மையால் ஸகரம் வந்தது. வேற்றுமை ஏற்கும் பொருட்டு ஈறும் சேர்ந்தது. தமிழும் ‘லக்ஷ்மண’னை ‘இலக்குவன்’ ஆக்கிற்று. மொழியியல்பால் நேரும் இத்தகைய திரிபு குற்றமன்று. வந்த பெயரைத் தன்னதாக ஏற்கும் அன்பும் அதில் உண்டு.

பினாங்கில் நம் அடையாள அட்டைகள் உரோமன் எழுத்தில் அமைந்தவை. அவ்வெழுத்துகளுள் ழகரத்திற்குத் தனியெழுத்து இல்லை. ஆதலின் ‘எழிலன்’ பிறர் நாவில் ‘எலிலன்’ ஆகின்றான். இதுவும் மொழியியல்பே என அமைந்துவிடலாமா? காவிய மாந்தர் நம்மைத் திருத்த வாரார். நம்முன் நிற்கும் மாணவனோ தன் பெயரைச் சொல்லித் தருகின்றான். நா தவறலாம், செவி மறுத்தலாகாது. சீன, மலாய் நண்பரின் பெயர்களை நாம் ஒலிக்கையிலும் இவ்வறமே பொருந்தும். நாம் வேண்டும் மதிப்பை நாமே முதலில் வழங்குவோம்.