தலையைக் காத்த பட்டை

2001 பிப்ரவரி 18. அமெரிக்காவின் டேடோனா கார்ப் பந்தயத் தடத்தில், கடைசிச் சுற்றில் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அவர் இறந்தார். இத்தகைய மோதலில் இருக்கைப் பட்டை உடலைப் பிடித்துக்கொள்ளும்; தலை மட்டும் முன்னால் வீசப்படும். அந்தத் தலையையும் தடுத்து நிறுத்தும் காப்பை ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியர் 1980களிலேயே செய்துவிட்டார். எர்ன்ஹார்ட் அதை அணிந்திருக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில்தான் அதுபோன்ற காப்பு அவர் ஓட்டிய பந்தயத் தொடரில் கட்டாயமாயிற்று. கருவி இருந்தும் எத்தனை வருஷம் வீணாய்ப் போனது!

நம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 2023 ஜனவரியில் 59 வயது கார்ப் பந்தய வீரர் கே.ஈ. குமார் இறந்தார். அனுபவசாலி, ஆபத்தை அறிந்து ஓட்டியவர். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே தடத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்தவனுக்கு வயது 13.

இங்கே நாரணாபுரத்தில் 18 வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டாசு ஆலை வேலைக்கு எடுத்தால் குற்றம். அந்தச் சட்டத்துக்காக இந்தப் பகுதி கொடுத்த உயிர்கள் கொஞ்சமல்ல. பந்தயத் தடத்துக்கு மட்டும் வேறு நியாயமா? வயது வரம்பை உயர்த்த இன்னொரு சாவுக்குக் காத்திருக்கக் கூடாது.