ஒன்று என்னும் மதிப்பெண்

தளர்ந்த கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு துண்டுத் தாள் வைக்கப்படுகிறது. இயன்முறை மருத்துவர் அதை மெல்ல இழுக்கிறார். தாளைப் பிடிக்கவே முடியாவிட்டால் பூஜ்யம். பிடித்திருந்து, இழுத்ததும் நழுவவிட்டால் ஒன்று. இழுத்த பிறகும் விடாமல் பற்றியிருந்தால் இரண்டு. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஆக்ஸல் ஃபூகல்-மேயரும் அவரது குழுவினரும் 1975இல் வெளியிட்ட அளவீடு இது. தோளிலிருந்து விரல்நுனி வரை இப்படி ஒவ்வொரு அசைவாகக் கேட்டு, கைக்கு 66, காலுக்கு 34 என்று நூறு மதிப்பெண்ணில் பக்கவாதம் தாக்கிய ஓர் உடலின் இயக்கத்தை அது எழுதி வைக்கிறது.

இந்தக் கணக்கை உணர்வற்றது என்று தள்ளிவிட நமக்குத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னால் நெடிய கவனம் ஒன்று இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் அசைவு திரும்பும் விதத்தை ட்விட்செல் என்ற மருத்துவர் 1951இல் விரிவாக எழுதினார். ஒழுங்கின்றித் தோன்றும் அந்த வருகைக்கு ஒரு வரிசை உண்டு என்று காட்டினார். சிக்னே புருன்ஸ்ட்ராம் என்ற இயன்முறை மருத்துவர் அந்த வரிசையைப் படிநிலைகளாக வகுத்தார். துவண்டு கிடந்த கை சில வாரங்களில் விறைத்து மடங்கத் தொடங்கும்போது, நோய் முற்றுகிறதோ என்று வீட்டார் கலங்குகிறார்கள். அந்தப் படிநிலைகளை அறிந்தவரோ, மீள்வதற்கான பாதை பல நேரங்களில் இந்த விறைப்பின் வழியாகவே செல்கிறது என்பதை உணர்ந்து பார்க்கிறார். அதிலேயே தேங்கிவிடுபவர்களும் உண்டு. ஆயினும், எதைக் கண்டு அஞ்சுவது, எதைக் கண்டு நம்புவது என்று பிரித்தறியும் கண்ணை நமக்குக் கொடுத்தது இந்தப் பொறுமையான அளவிடல்தான்.

இருந்தும் அளவீடு காணாத ஒன்று உண்டு. அதை உள்ளிருந்து கண்டு சொன்னவர் நார்வே நாட்டின் ஆல்ஃப் புரோடால். மூளையின் நரம்புப் பாதைகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட உடற்கூறியல் பேராசிரியர் அவர். 1972இல் அவரையே பக்கவாதம் தாக்கியது, இடப்பக்கம் தளர்ந்தது. அடுத்த ஆண்டு, தன்னையே ஆய்வுப்பொருளாக்கி அவர் எழுதிய கட்டுரை ‘பிரெய்ன்’ என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. தளர்ந்த தசையை அசைக்கத் தேவைப்பட்ட மன உழைப்பின் அளவு அவரையே வியக்க வைத்தது. பல்லாண்டுகளாக யோசிக்காமல் கட்டிவந்த கழுத்துப் பட்டியின் முடிச்சை இப்போது போட முயன்றால், அடுத்து என்ன செய்வது என்று விரல்களுக்குத் தெரியவில்லை. இன்னும் ஆழமான செய்தி ஒன்றும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது: நோய் தீண்டாத வலக்கையின் எழுத்தும் மாறியிருந்தது. நல்ல பக்கம் என்று நாம் சொல்லும் பக்கமும் முழுதாக நல்ல பக்கம் இல்லை. அடிபட்டது ஒரு கை மட்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அடிபட்டிருப்பதோ முழு மனிதர்.

நலமாக இருக்கும்வரை, விரும்புவதற்கும் செய்வதற்கும் இடையே ஒரு தொலைவு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. தாகம் எழும்போதே கை சொம்பின் மீது இருக்கிறது. இந்த எளிமையைத்தான் நாம் ‘முடியும்’ என்கிறோம். அதை நம்முடைய ஆற்றல் என்றும், சில வேளைகளில் நம்முடைய தகுதி என்றும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால், தாளைப் பிடித்து நழுவவிட்ட அந்த விரல்களுக்குள் எண்ணம் ஒவ்வொரு கணமும் தடுக்கப்பட்டு, மறுபடியும் தன்னைத் திரட்டி, மூளையில் எஞ்சியிருக்கும் ஏதோ ஒரு வழியைத் தேடிப் பிடித்து விரல்நுனி வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதையும், அப்படி வந்து சேர்ந்த அரை அசைவில் செலவாகியிருக்கும் மனவலிமை நாம் ஒரு நாள் முழுதும் செய்யும் ஆயிரம் செயல்களில் செலவானதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதையும் உணரும்போது, ஒரு மனிதர் செய்து முடித்ததை மட்டும் வைத்து அவர் எவ்வளவு முயன்றார் என்று முடிவுசெய்யும் நம் பழக்கம், மருத்துவமனையில் மட்டுமல்லாமல், பள்ளியிலும் பணியிடத்திலும் குடும்பத்திலும் எத்தனை பேருடைய ‘ஒன்று’களைச் சோம்பல் என்று எழுதியிருக்கும் என்று நாம் நடுங்க வேண்டியிருக்கிறது.

எந்த அளவுகோலும் அது எதைக் கேட்கத் தெரிந்துகொண்டதோ அதைத்தான் காண்கிறது. பக்கவாதத்தின் தீவிரத்தை முதல் மணிநேரங்களில் மதிப்பிட, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் பெயரால் வழங்கும் அளவுகோலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பெண் 42. எண் கூடினால் பாதிப்பும் கூடுதல். அதில் மொழியோடு தொடர்புள்ள கேள்விகளுக்கு 7 மதிப்பெண். தன் இடப்புற உலகத்தையே மறந்துபோகும் புறக்கணிப்பு நிலைக்கு 2 மட்டுமே. பேச்சு பெரும்பாலும் இடது மூளையில் குடியிருப்பதால், வலது மூளையில் அதே அளவு சேதம் அடைந்தவர் குறைந்த எண்ணோடு நிற்கிறார். தட்டின் இடது பாதிச் சோற்றைத் தொடாமலே எழுந்துவிடுபவரை, பேசத் தெரிகிறது என்பதற்காக, லேசான நோயாளி என்று நாம் கருதிவிடும் அபாயம் இங்கே பிறக்கிறது.

எண் தீர்ப்பாக மாறும் இடம் இதைவிடக் கவலைக்குரியது. ‘கை வருமா?’ என்ற கேள்விக்கு விடை தேடிய டச்சு ஆய்வாளர்களின் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. முதல் மூன்று நாட்களுக்குள் விரல்களைச் சிறிதேனும் நீட்டவும் தோளிலிருந்து கையைப் பக்கவாட்டில் சிறிதேனும் தூக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கையில் ஓரளவு செயல்திறன் திரும்ப 98 விழுக்காடு வாய்ப்பு. இரண்டும் முடியாதவர்களுக்கு 25 விழுக்காடு. அரிய அறிவு இது. குடும்பங்களைப் பொய் நம்பிக்கையிலிருந்தும் வீண் அச்சத்திலிருந்தும் காக்க வல்லது. ஆனால் அந்த 25ஐ ‘வராது’ என்று படித்து, பயிற்சியைக் குறைத்து, பிறகு கை வராதபோது ‘அன்றே சொன்னோமே’ என்று சொன்னால், முன்னறிவு தன்னைத்தானே உண்மையாக்கிக்கொண்டுவிடுகிறது. நால்வரில் ஒருவருக்கு வந்திருக்கக்கூடிய கையை அங்கே பறித்தது நோயா, எண்ணா?

எண் முழுமையடைந்தாலும் கேள்வி தீர்வதில்லை. அன்றாடச் செயல்களை மதிப்பிட 1965இல் மஹோனியும் பார்த்தலும் தந்த குறியீட்டில் நூற்றுக்கு நூறு பெற்றவர்கூடத் தனியாக வாழ இயலாதவராக இருக்கலாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒற்றைக் கையால் உடுத்தக் கற்றவருக்கும் அங்கே முழு மதிப்பெண் கிடைக்கும். தளர்ந்த கை அப்படியே மடியில் கிடக்கும். இதைக் குறையென்று மட்டும் சொல்லிவிட முடியாது. வாழ்க்கை திரும்புவது வேறு, கை திரும்புவது வேறு. சிலருக்கு முதலாவதே போதும், அதுவே விரைவில் வேண்டும். ஆனால் நல்ல கை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும்போது, இன்னும் அசையக்கூடிய மற்ற கை பயன்படாமலே இருக்கப் பழகிவிடுகிறது என்பதை எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவசரத்தில் நாம் ஊட்டிவிடும் ஒவ்வொரு கவளமும், அன்போடு பூட்டிவிடும் ஒவ்வொரு பொத்தானும் அந்தப் பழக்கத்தில் சேர்கின்றன.

ஆகவே ஒருவரது கையைச் சோதிக்கும் முன்பு, அந்தக் கை அவருக்கு எதற்கு வேண்டும் என்று அவரிடமே கேட்பது மதிப்பீட்டின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேச முடியாதவரிடம் அதைக் கேட்க அதிக நேரம் ஆகும். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பது, தனி ஒரு மருத்துவரின் மேல் சுமத்தாமல், நாம் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.